ஓரத்துப் பென்சில்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில், ப்ளாசம் புத்தகக் கடையின் பழைய அடுக்குகளில் டாம் கிளான்சியின் ஜாக் ரயன் நாவல் வரிசையைப் புரட்டினால், முன்பு படித்தவரின் பென்சில் கோடுகள்தான் என்னை நிறுத்துகின்றன. பழுத்த தாள் விரலில் சொரசொரக்கிறது. விரித்தால் முதுகு மெல்ல முறுகுகிறது. நீர்மூழ்கிக் கப்பலைத் துரத்தும் பக்கங்களில் ஓரம் வெறுமையாகக் கிடக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்திருப்பார் போல! அப்புறம் ஒரு தூரக் கணக்கை அடித்துவிட்டுப் பொடி எழுத்தில் தானே போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு மரணத்தின் அருகே கேள்விக்குறி, தாள் குழியும்படி அழுத்தி.

அல்சூரில் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் இருக்கும் ஊர் இது. படித்தவர் சிப்பாயாகவும் இருந்திருக்கலாம். இத்தனை பொறுமையான வாசகர் எந்த எழுத்தாளருக்கும் கொடுப்பினை. அப்படியொரு பிரதி கைக்கு வந்தால், ரப்பரால் அழித்துவிடாதீர்கள்.