மதிலின் பெயர் கொண்ட பட்டினம்: சிறுபாணாற்றுப்படையில் மறைந்து நிற்கும் துறைமுகம்

மெக்சிகோ நகரில் உருவாகி 2015ஆம் ஆண்டில் முழு வடிவம் பெற்ற 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்னும் கணிப்பொறி விளையாட்டொன்று உண்டு. ஊர்திகளை அமைத்து விண்ணிற் செலுத்துதலே அதன் தொழில். அதன்கண் யாவரும் அறிந்த ஏவுதளம் ஒன்று. விளையாட்டுத் தானே சுட்டிக் காட்டாத உள்நாட்டுத் தளம் பிறிதொன்று. தாழப் பறந்து நிலத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கே இவ்விரண்டாம் தளம் புலனாகும். முதுகலை மாணவர் வாயிலாக இச்செய்தியைக் கேட்டபொழுது, சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் நம் நினைவிற்கு வந்தது. அதுவும் தன் பெயர் சுட்டப்படாது அமைந்த ஒரு துறைமுகமே. இவ்வொப்புமை வெறும் விந்தையளவில் நிற்பதா, பாட்டின் பொருளை அறிதற்குத் துணை செய்வதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆகியது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. பாணன் செல்லும் வழியில் நெய்தற்கு ஒரு பட்டினமும், முல்லைக்கு வேலூரும், மருதத்திற்கு ஆமூரும் வருகின்றன. வேலூர், ஆமூர் என்னும் பெயர்களைப் புலவர் வெளிப்பட மொழிகின்றார். பாட்டின் முற்பகுதியில் வஞ்சியும் மதுரையும் உறந்தையும் அவ்வாறே பெயர் பெறுகின்றன. நெய்தற் பட்டினம் ஒன்றனுக்கு மட்டும் மதிலைக் கொண்டு பெயரமைந்தது என்னும் குறிப்பே கிடைக்கின்றது. எயில் என்பது மதில். ஆகவே எயிற்பட்டினம் எனப் பொருள் கொள்ளுதல் மரபு. வேலூரைக் கூறும்பொழுது பெயரையும் தந்து, பெயருக்கு ஏதுவாகிய வேலையும் கூறிய புலவர், இங்கு ஏதுவை மட்டும் தந்து பெயரை நம்மிடம் விட்டுவிடுகின்றார்.

இஃது எதுகை நோக்கி அமைந்ததெனச் சிலர் கூறக்கூடும். ஊர்ப் பெயரைப் பொருளாற் குறித்தல் பழம்புலவர்க்கு இயல்பே என்பாரும் உளர். இரண்டும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும், யாப்பு ஒரு சொல்லை விலக்கலாமேயன்றி, அதனிடத்து வேறு எது நிற்கவேண்டும் என்று விதிப்பதில்லை. மேலும், அதே நெய்தற் பகுதியினுள்ளே நல்லியக்கோடன் கிடங்கிலின் கோமான் எனப் பெயர் சுட்டிக் கூறப்படுகின்றான். அரசன் இருக்கை பெயரோடு விளங்க, அவனது துறைமுகம் பெயர் மறைந்து நிற்கின்றது. புலவரின் நாடாகிய இடைக்கழிநாடோ மரக்காணத்திற்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடையே கிடக்கும் நிலம். எயிற்பட்டினம் மரக்காணமே எனின், அவர் நன்கு அறிந்திருக்க வேண்டிய ஊர் அது. அறியாமை காரணமாகப் பெயர் விடப்பட்டது என்றற்கு அப்பொழுது இடமில்லை.

இனி, பெயரேயன்றி வாணிகமும் அங்கு மறைந்திருத்தலைக் காண்போம். பட்டினப்பாலை புகாரின் சுங்கத்தையும், புலி இலச்சினையையும், கடல் வழி வந்த குதிரையையும், மிளகு மூட்டையையும் வரிசைப்படுத்துகின்றது. பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்றில் நாவாய்களையும், அவற்றை அழைக்கும் விளக்கினையும் காட்டுகின்றது. எயிற்பட்டினப் பகுதியிலோ நாவாய் இல்லை, சுங்கம் இல்லை, பண்டசாலை இல்லை. இருப்பன பூக்களே. தாழை அன்னம் போற் பூக்கின்றது. செருந்தி பொன்னென மயக்குகின்றது. முண்டகம் மணியின் ஒளி காட்டுகின்றது. புன்னை முத்தினைத் தோற்றுவிக்கின்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பொன், மணி, முத்து என்னும் மூன்றும் ஒரு துறைமுகத்தின் உயர்ந்த சரக்குகள். அவற்றைப் பண்டசாலையில் வைத்துப் பாடாத புலவர், கானற்சோலையில் பூவாக வைத்துப் பாடுகின்றார். புன்னையை முத்தோடு ஒப்பிடுதல் சங்கப் பாடல்களில் பரவலாகக் காணப்படுவதே. தனியே எடுத்தால் இதிற் புதுமை இல்லை. ஆனால் மூன்றனையும் அடுத்தடுத்து நிறுத்திய அமைப்பு புலவர்க்கே உரியது. அன்னத்தையும் நாவாய்க்குக் குறியாகக் கொள்ள உள்ளம் விழையினும், அதற்குப் பாட்டில் சான்றின்மையின் அத்துணிபை விலக்குதல் நேர்மையாகும்.

பூக்களை அடுத்து வருவது அலை கொணர்ந்த நறுமண மரம். அது கிடந்த நிலை, துயிலும் ஒட்டகம் போன்றது என்கின்றார் புலவர். அம்மரத்தை அகில் எனப் பொதுவாக உரைப்பர். அகில் இக்கடற்கரையில் விளைவதன்று. ஒட்டகமும் இந்நிலத்திற்கு உரியதன்று. பொருளும் உவமையும் ஆகிய இரண்டுமே வேற்று நிலத்தின. நாவாய் வந்ததென ஒரு சொல்லும் கூறாமலே, அவை வந்து செல்லும் கடலை இவ்விரண்டும் நமக்கு உணர்த்திவிடுகின்றன. அவ்விலையுயர்ந்த மரம் ஆண்டு என்னாகின்றது? விறகாக எரிகின்றது. அத்தீயின் துணையால் நுளைமகள் ஆக்கிய பழங்கள்ளைப் பரதவர் தர, சுட்ட உலர்மீனோடு பாணர் உண்கின்றனர்.

மறைப்பின் காரணம் இதனால் விளங்கும் என்பது நம் கருத்து. ஆற்றுப்படை வறுமையுற்ற பாணனுக்குச் சொல்லப்படுவது. பண்டசாலையிற் பூட்டிய பொன்னும் முத்தும் அவனுக்குப் பயன்படா. பூவாக மலர்ந்த பொன்னைக் காணவும், விறகாக எரியும் அகிலில் ஆக்கியதை உண்ணவும் அவனுக்குத் தடையில்லை. அரிய பொருள் எளியார்க்கும் எட்டும் நாடு நல்லியக்கோடன் நாடு என்பதே இதன் பயன். மூவேந்தர் தலைநகரங்களையும் பரிசில் நோக்கி வறியன என்று முன்னர்க் கூறியதன் விடையும் இதுவே. துறைமுகத்தின் பெயரைப் பின்னிறுத்திக் கொடையாளன் பெயரை முன்னிறுத்தியமையும் அதற்கு இயைந்ததே.

இனி, வரலாற்றார் கொள்ளும் பயனைக் கருதுவோம். கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் கீழைக்கடற்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைக் கூறும். கமரா காவிரிப்பூம்பட்டினம் எனவும், பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு எனவும் கொள்வர். சோ என்பதற்கும் அரண் என்னும் பொருள் உண்மையின், சோபட்மா என்பது சோப்பட்டினம், அதுவே எயிற்பட்டினம், அதுவே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் கொள்கை. கிடங்கில் இருந்த திண்டிவனத்திலிருந்து மரக்காணம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவே ஆதலின் இக்கொள்கை வலுப்பெறுகின்றது. ஆயின் இச்சங்கிலியில் பாட்டு நேரே அளிப்பது முதற் கண்ணி மட்டுமே; எஞ்சியவை சொல்லாராய்ச்சியும் நில ஆராய்ச்சியும் சேர்ந்து கோத்தவை. மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

தடையொன்றும் உண்டு. இன்று மரக்காணத்தில் நிற்பார்க்கு முதலிற் கண்ணிற் படுவது உப்பே. ஊரின் பூமீசுவரர் கோயிற் சோழர் காலக் கல்வெட்டுகளும் உப்பளங்களைக் குறிப்பிடுகின்றன. பாட்டிலோ உப்பு வணிகராகிய உமணர் வருவது கொற்கையைக் கூறுமிடத்தில். எயிற்பட்டினத்தில் உப்பு என்னும் பேச்சே இல்லை. உப்பளங்களைக் காட்டி எயிற்பட்டினத்தை நிலைநாட்ட முயல்வார் இவ்விடைவெளியைக் கடந்தாக வேண்டும். அவ்வாறே, உப்பு கூறப்படாமையால் ஊர் இதுவன்று என்றலும் பொருந்தாது. நாவாயைக் கூறாத புலவர் உப்பைக் கூறாமையில் வியப்பில்லை. கூறாமையை இன்மை எனக் கொள்ளுதலே இவ்விரு பிழைகளுக்கும் மூலம்.

இரண்டாம் துறை என்பதனாலேயே ஒன்று சிறுமையுறுவதன்று. ஸ்ரீஹரிகோட்டா இருக்கவும், 2024 பிப்ரவரி 28இல் தூத்துக்குடி மாவட்டக் குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாம் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வடக்கிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ஏவுகலம் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லவேண்டும். தென்கோடியிலிருந்து நேரே தெற்கு நோக்கிச் செல்லலாம். சிறிய ஏவுகலத்திற்கு அவ்வளைவால் நேரும் இழப்பு பெரிது. ஆகவே இரண்டாம் தளத்திற்குரிய காரணம் அதன் அளவில் இல்லை, வழியில் உள்ளது. எயிற்பட்டினத்தையும் புகாரோடு பெருமையில் ஒப்பிட்டு அளப்பதினும், ஓய்மானாட்டிற்கு அது எவ்வழியின் வாயிலாக இருந்தது என வினவுதலே தக்கது.

விளையாட்டின் மறைதளம் காண்பார்க்கு மகிழ்ச்சியளிக்க வைக்கப்பட்டது. பாட்டின் மறைபட்டினம் ஒரு பாணனின் பசியை முன்னிட்டு அமைந்தது. இரண்டற்கும் பொதுவாவது ஒன்றே: தாழப் பறந்து நோக்க வேண்டும். வரலாற்றிற்குச் சான்று தேடி விரைவார் பூக்களைப் புனைந்துரை என்று கடந்து செல்வர். ஆயின் எயிற்பட்டினத்தின் சரக்கு அப்பூக்களினுள்ளேதான் இருக்கின்றது.