ஏரியா எப்படி?

சென்னையில் வீடு மாறப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், வாடகை எவ்வளவு என்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து விழும். "ஏரியா எப்படி?" ரெண்டே வார்த்தை. பதிலும் அதே அளவுதான். "நல்ல ஏரியா." "டீசன்ட்." "ஃபேமிலியோட இருக்கலாம்." "அய்யோ, அங்கயா?" இந்தப் பதில்களில் தெருவைப் பற்றிய தகவல் ஒன்றுகூடக் கிடையாது. விளக்கு எரிகிறதா, குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, ராத்திரி கடைசி பஸ்ஸில் இறங்கினால் வீடு வரைக்கும் தனியாக நடக்க முடியுமா, எதுவும் இல்லை. ஆனாலும் கேட்டவருக்குத் திருப்தி. விஷயம் புரிந்துவிட்டது போல ஒரு தலையாட்டல்.

புரிந்தது என்ன? அந்த ரெண்டு வார்த்தைக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, "அங்கே எனக்கு ஆபத்து வருமா?" மற்றொன்று, "அங்கே யார் இருக்கிறார்கள்?" முதல் கேள்வி நியாயமானது. தனியாகத் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண் அதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே முடியாது. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் சாதியையும் வர்க்கத்தையும் நாசூக்காக விசாரிப்பது. சிக்கல் என்னவென்றால், நாம் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறோம். இரண்டாவதற்கான பதிலை முதலாவதற்கான பதிலாக எடுத்துக்கொள்கிறோம். இந்த முடிச்சைப் போட்டதில் நம் சினிமாவுக்குப் பங்கு உண்டு. அவிழ்ப்பதற்கான நுனியும் நம் சினிமாவிலும் புனைவிலுமே கிடைக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன்.

கத்தி மட்டும் நினைவில் நிற்பது ஏன்?

காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு. இந்தப் பெயர்களைச் சொன்னதும், அந்தப் பக்கம் ஒருநாளும் போகாதவர் மனதில்கூட ஒரு பின்னணி இசை ஓடும். "புதுப்பேட்டை" (2006), "பொல்லாதவன்" (2007), "வட சென்னை" (2018) என்று ஒரு வரிசையே இருக்கிறது. இவை சாதாரணப் படங்கள் அல்ல. நல்ல படங்கள் என்பதால்தான் இந்தப் பேச்சே.

"வட சென்னை"யை எடுத்துக்கொள்வோம். அதன் மையம் நிலம். வளர்ச்சி என்ற பெயரில் கடலோர மக்களை அப்புறப்படுத்த வருகிறார்கள். ராஜன் அதை எதிர்த்து நிற்கிறான், கூட இருந்தவர்களாலேயே கொல்லப்படுகிறான், கடைசியில் அந்த எதிர்ப்பு அன்புவின் கைக்கு வருகிறது. அதாவது "இந்த ஏரியா ஆபத்தானது" என்று படம் சொல்லவில்லை. "இந்த ஏரியா ஆபத்தில் இருக்கிறது" என்று சொல்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் படம் பார்த்த நண்பரிடம் எந்தக் காட்சி ஞாபகமிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சிறைக்குள் கேரம் ஆட்டத்துக்கு நடுவில் அன்பு செந்திலைக் குத்துகிற காட்சியைத்தான் சொல்வார். மக்கள் கூடி நிலத்தைப் பற்றிப் பேசுவதை யாரும் சொல்வதில்லை.

பார்வையாளர் தலையில் மட்டும் இந்தப் பழியைப் போட முடியாது. கத்தி எடுக்கும் காட்சியில் இருக்கிற நிதானம், ஒத்திகை, ஒளியமைப்பு எல்லாம் கூட்டம் நடக்கும் காட்சிக்குக் கிடைப்பதில்லை. கேமராவுக்கு எது பிடித்திருக்கிறதோ அதுதான் மனதில் தங்கும். வசனம் ஒரு பக்கம் இழுக்கும், கேமரா இன்னொரு பக்கம் இழுக்கும். ஜெயிப்பது எப்போதும் கேமராதான்.

இதற்கு நேர் எதிரான காரியத்தை பா.ரஞ்சித்தின் "மெட்ராஸ்" (2014) ரொம்பச் சாதாரணமாகச் செய்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பு. நாயகன் காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் வந்தால் நண்பர்களோடு கால்பந்து. வீட்டில் கல்யாணப் பேச்சு. வன்முறை இருக்கிறது, ஆனால் அது அந்த மக்களின் ரத்தத்தில் ஊறியதாக வருவதில்லை. ஒரு சுவர் யாருக்கு என்று ஒரே கட்சியின் இரண்டு பிரிவுகள் போடும் சண்டை, அங்கே இருப்பவர்களைக் காவு வாங்குகிறது. அந்தப் பகுதியின் குணம் வேறு, அதன் மேல் நடத்தப்படுகிற அரசியல் வேறு என்று படம் பிரித்துக் காட்டுகிறது. ஒரு ஏரியாவைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன் நாம் செய்ய வேண்டிய முதல் வேலையும் இந்தப் பிரித்தல்தான்.

ஏரியா நம்மை எடை போடும்போது

இதுவரை பேசியதெல்லாம் நாம் ஏரியாவை எடை போடுவதைப் பற்றி. ஏரியா நம்மை எடை போடுவதைக் காட்டிய படம் செழியனின் "டு லெட்". 2017-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம். திரையரங்குக்கு வந்தது 2019-இல். கதை நடப்பது 2007-இல், ஐ.டி. சம்பளம் சென்னையின் வாடகையைத் தூக்கி நிறுத்திய காலம். இளங்கோ சினிமாவில் இயக்குநராகப் போராடுபவன். மனைவி அமுதா, ஒரு சின்னப் பையன். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார் ஹவுஸ் ஓனர். கெடு ஒரு மாதம். மூன்று பேரும் ஒரு வண்டியில் தெருத்தெருவாக அலைகிறார்கள்.

படத்தில் பின்னணி இசையே கிடையாது. அதனால் கேள்விகள் மட்டும் தெளிவாகக் கேட்கும். என்ன வேலை? நீங்க என்ன ஆளுங்க? வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா? இதில் எதுவுமே, மாசம் பிறந்தால் வாடகை வருமா என்பதற்கான கேள்வி அல்ல. ஒரு "நல்ல ஏரியா" தன்னை எப்படி நல்ல ஏரியாவாகவே வைத்துக்கொள்கிறது என்பதன் செய்முறை விளக்கம் அது. இன்னாரை உள்ளே விடாமல் இருப்பதால்தான் அது "டீசன்ட்". அந்தப் படத்தின் வீட்டுக்காரர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். காபி கொடுப்பார்கள், சிரித்துப் பேசுவார்கள் என்கிற ரகம். நம் சித்தப்பா, பெரியம்மா மாதிரிதான் இருப்பார்கள்.

"மெட்ராஸ்" காளியையும் "டு லெட்" இளங்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், வேடிக்கை புரியும். வீட்டுக்காரர்கள் தேடுவது காளி மாதிரி ஐ.டி. சம்பளக்காரனை. ஆனால் காளி தன் முகவரியைச் சொன்னால் அதே வீட்டுக்காரர் முகம் மாறும். ஆக, சம்பளமும் ஒழுக்கமும் அவர்கள் சொல்லும் காரணங்கள். பார்ப்பது வேறொன்றை.

"டு லெட்"டில் எனக்கு ஒரு குறை உண்டு. இளங்கோவும் அமுதாவும் தேடுவது வீட்டை மட்டும். தெரு என்கிற ஒன்று, அக்கம்பக்கம் என்கிற ஒன்று, படத்தில் முகமில்லாமல் போய்விடுகிறது. மறுக்கிற வாசல்கள் இருக்கின்றன. ஆனால் உப்புக் கடன் கொடுக்கிற வாசல் ஒன்றுகூடவா இந்த நகரத்தில் இல்லை? அதைப் பார்க்க அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

குழாயடியில் தெரியும் தெரு

அசோகமித்திரனின் "தண்ணீர்" 1973-இல் வந்த நாவல். சென்னையின் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா என்ற தனித்து வாழும் பெண். ஒரு தெருவை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல புத்தகம் தமிழில் குறைவு. அடி பம்ப், குடம், வரிசை, யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள், யார் முண்டியடிக்கிறார்கள். அந்தத் தெருவின் மொத்தக் குணமும் அதில் வந்துவிடுகிறது. பிரச்சினை வராதவரை எல்லாத் தெருவும் நல்ல தெருதான். தண்ணீர் நின்ற மூன்றாம் நாள்தான் உண்மை தெரியும்.

அதே தெரு ஜமுனாவைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறது. யார் வருகிறார், யாரோடு போகிறாள் என்று. 1961-இல் வெளிவந்த அமெரிக்க நகரங்கள் பற்றிய தன் புத்தகத்தில் ஜேன் ஜேக்கப்ஸ் ஒரு கருத்தைச் சொன்னார். தெருவுக்குக் காவல் போலீஸ்காரர் அல்ல, தெருவின் மேல் எப்போதும் இருக்கும் சாதாரண மனிதர்களின் கண்கள்தான் என்று. கடைக்காரர், ஜன்னலோரம் நிற்பவர், நடந்து போகிறவர். சரிதான். ஆனால் நம் ஊரில் அந்தக் கண்ணுக்கு வாயும் உண்டு. "ராத்திரி யாரோ வந்துட்டுப் போனாப்ல இருந்துச்சே?" காப்பாற்றும் கண்ணும் வேவு பார்க்கும் கண்ணும் ஒன்றே. தனியாக வாழும் பெண்ணுக்கு இந்த நகரம் தரும் தேர்வு பெரும்பாலும் இதுதான்: யாரும் பார்க்காத இருட்டுத் தெரு, இல்லாவிட்டால் எல்லோரும் பார்க்கும் வெளிச்சத் தெரு. முதலாவதில் பயம், இரண்டாவதில் மூச்சுமுட்டல்.

அசோகமித்திரன் இதற்கு ஒரு மூன்றாவது வழியை, உபதேசமே இல்லாமல், டீச்சரம்மா உருவில் வைக்கிறார். ஜமுனா உடைந்து கிடக்கும்போது டீச்சரம்மா தன் சொந்த வாழ்க்கையின் அவலத்தை எடுத்துச் சொல்கிறாள். தீர்ப்பு சொல்லாத கண் அது. என்னைக் கேட்டால் பாதுகாப்பான ஏரியா என்பதற்கு இலக்கணம் அவள்தான். பார்ப்பாள், விசாரிக்க மாட்டாள், கூப்பிட்டால் வருவாள்.

எண்களும் அச்சமும்

சரி, கதையெல்லாம் எதற்கு, புள்ளிவிவரம் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கையில் மாநகரங்களுக்கான கணக்கு இருக்கும், உங்கள் தெருவுக்கு இருக்காது. மேலும் அது பதிவான வழக்குகளின் கணக்கு. புகாரை ஒழுங்காக வாங்குகிற ஸ்டேஷன் உள்ள இடத்தில் எண் கூடும், விரட்டி அனுப்புகிற இடத்தில் குறையும்.

அந்த அறிக்கையில் நாம் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் வேறு. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் பெரிய பங்கு கணவனும் அவன் உறவினர்களும் செய்யும் கொடுமை. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். "ஃபேமிலி ஏரியா, பயமில்லை" என்று புரோக்கர் சொல்லும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ள வேண்டும். தெருமுனையில் நிற்கும் பையன்களைக் காட்டி நாம் பயப்படுத்தப்படுகிறோம். கதவுக்கு உள்ளே இருப்பதை எந்த ஏரியாவின் பெயரும் சொல்லாது.

இதனால் தெருவில் உள்ள பயம் பொய் என்று ஆகிவிடாது. 2013-இல் இந்தியாவில் தொடங்கப்பட்ட சேஃப்டிபின் என்ற செயலி, ஓர் இடத்தை மதிப்பிட ஒன்பது அம்சங்களை வைத்தது. வெளிச்சம், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, மனிதர் நடமாட்டம், அதில் பெண்கள் இருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசியாக ஒன்று: அங்கே நிற்கும்போது எப்படி உணர்கிறீர்கள். உணர்வையும் ஓர் அளவாகச் சேர்த்தது சரி. ஆனால் மற்ற எட்டும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. அந்த எட்டையும் பார்த்தபிறகு வருகிற உணர்வு வேறு, பெயரைக் கேட்டதுமே வருகிற உணர்வு வேறு. முந்தையது அனுபவம், பிந்தையது ட்ரெய்லர்.

முகவரி என்னும் தண்டனை

பெயரைக் கேட்டதும் வரும் உணர்வு யாரை என்ன செய்யும் என்பதற்கு கண்ணகி நகர் சாட்சி. நகரத்துக்குள், ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்தவர்களை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கொண்டுபோய் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அரசே குடியமர்த்திய இடம் அது. வேலையும் பள்ளியும் பின்னால் தங்கிவிட, ஆட்கள் மட்டும் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் அந்த இடத்துக்குக் கெட்ட பெயரையும் நாமே வைத்தோம். வேலைக்குப் போகும்போது முகவரியை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அங்கிருப்பவர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். பக்கத்து ஐ.டி. வளாகங்களைத் துடைத்துச் சுத்தம் செய்பவர்களில் பலர் அவர்கள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கார்த்திகா இருந்தார். "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே அவர் அறியப்பட்டார். மறைக்க வேண்டியிருந்த முகவரி ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி வந்து நின்றது.

மறுபக்கம், பெயர் நன்றாக இருப்பதால் யாரும் விசாரிக்காத இடங்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நல்ல விலை கொடுத்து வீடு வாங்கியவர்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். வாங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று துருவித் துருவிக் கேட்டவர்களில் எத்தனை பேர், இது முன்னால் ஏரியா சதுப்பா என்று கேட்டிருப்பார்கள்? ஆபத்து அங்கே மனிதர் வடிவில் வரவில்லை. மழையாக வந்தது. "ஏரியா எப்படி" என்ற கேள்வி அதைப் பிடிக்கவே இல்லை.

ஆகவே கேள்வியை விட்டுவிட வேண்டாம், பிரித்துக் கேட்போம். ஆபத்தைப் பற்றிய கேள்வியைத் தெருவிடம் கேட்கலாம். வார நாளில் ராத்திரி ஒன்பதரைக்கு ஒருதடவை, நல்ல மழைக்கு மறுநாள் ஒருதடவை போய் வரலாம். மாவுக்கடை அக்காவும் அயர்ன்காரரும் ஆட்டோ ஸ்டாண்டும் எந்த வரைபடத்தையும்விட அதிகம் சொல்வார்கள். ஒன்பதரைக்கு அங்கே பெண்கள் நடந்து போகிறார்களா என்று பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். "யார் இருக்கிறார்கள்" என்ற மற்ற கேள்வியைக் கேட்க வாய் வரும்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அதே நேரத்தில் மாடியில் ஒருவர், கேட்டுக்கு வெளியே நிற்கும் உங்களைப் பார்த்து, அதே கேள்வியைப் புரோக்கரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.