போர்டு நிலைத்தால் பிராசசர் மாறலாம்

உத்திரமேரூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் இது. மதர்போர்டு 2018-இல் வந்த பி450 ரகம், பிராசசர் ரைசன் 5 2600. முகூர்த்த மாதங்களில் 4கே வீடியோக்கள் குவிந்து மெஷின் திணறியது. ரைசன் 7 5700எக்ஸ் வாங்கி மாட்டினோம். ரேம், பவர் சப்ளை எதையும் மாற்றவில்லை. கோர்கள் ஆறிலிருந்து எட்டாகின, எக்ஸ்போர்ட் ஏறத்தாழ பாதி நேரத்தில் முடிகிறது.

இந்த லாபத்துக்குக் காரணம் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017-இல் வந்த முதல் ரைசன் முதல் 5000 வரிசை வரை ஒரே சாக்கெட்தான். இன்டெல்லின் எல்ஜிஏ1151 அப்படியில்லை. 2017-இல் எட்டாம் தலைமுறை வந்தபோது சாக்கெட்டின் பெயர் மாறவில்லை, ஆனால் பழைய போர்டுகளில் அது வேலை செய்யவில்லை.

பயாஸை முதலில், பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் புதியதை மாட்டியதும் திரையில் எதுவும் வராது. எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகுமென்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால் போர்டே போய்விடும். யுபிஎஸ் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு கிடைத்தால் விடாதீர்கள். அது இருந்தால் பயாஸ் ஏற்றுவதற்காகச் சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்கு அலைய வேண்டாம்.

கூலரைக் கழற்றுவதிலும் கவனம் தேவை. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொள்ள, கூலரை நேராகத் தூக்கினால் பிராசசரும் பிய்ந்து வந்து பின்கள் வளையும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

இன்று புதிதாக வாங்குபவருக்கு என் தேர்வு ஏஎம்5. 2022-இல் வந்தது, 7000, 9000 வரிசைகள் இரண்டும் அதில் பொருந்துகின்றன. 2027-ஐத் தாண்டியும் ஆதரவு உண்டென்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. டிடிஆர்5 ரேம் மட்டுமே போடலாம், அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 மலிவாகக் கிடைத்தாலும் அதன் வரிசை பதினான்காம் தலைமுறையோடு நின்றுவிட்டது.

போர்டு வாங்கும்போது ஆர்ஜிபி விளக்குக்குக் கொடுக்கும் பணத்தை விஆர்எம்முக்குக் கொடுங்கள். பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி அது. மலிவு போர்டுகளில் அதன்மேல் ஹீட்சிங்க்கே இருக்காது. ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், நாளை எட்டு கோர் மாட்டி மணிக்கணக்கில் ரெண்டர் செய்தால் அது சூடேறி, பிராசசரின் வேகம் குறையும். பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியில் உள்ள மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தரும் பிராசசர் பட்டியலில் சரிபாருங்கள்.