கடைக்கு வழி தெரியும், கூட்டத்துக்கு?

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் சரி, டாஸ்மாக்குக்கு வழி கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர், பூக்கடை அம்மா, பெட்டிக்கடைக்காரர்... யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அதே ஆளிடம், 'குடியை விட நினைக்கிறவங்க கூடிப் பேசற கூட்டம் இங்கே எங்கே நடக்குது?' என்று கேளுங்கள். உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

நம் சினிமாவும் அப்படித்தான். அம்மா செத்துப்போவாள் அல்லது பெண்டாட்டி அழுவாள். ஹீரோ பாட்டிலைச் சுவரில் அடித்து உடைப்பான். அடுத்த சீனில் பளிச்சென்று ஷேவ் பண்ணிக்கொண்டு வேலைக்குப் போவான். இல்லாவிட்டால் தேவதாஸ் மாதிரி செத்துப்போவான். நடுவில் நாலு நாற்காலி, ஒரு டீ, 'நானும் குடிச்சவன்தான் சார்' என்று பேச்சை ஆரம்பிக்கிற ஒரு மனிதர்... இதெல்லாம் நம் திரைக்கதைகளில் அபூர்வம்.

அதனால்தான் 1962-ல் வந்த 'டேஸ் ஆஃப் ஒயின் அண்ட் ரோஸஸ்' படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கியது. ஜோ என்ற பி.ஆர். ஆசாமியாக ஜாக் லெமன். சாக்லேட் பிரியையான மனைவி கிர்ஸ்டனாக லீ ரெமிக். குடிக்கத் தெரியாத அவளுக்கு சாக்லேட் ருசி கலந்த ஒரு கிளாஸை முதலில் வாங்கிக் கொடுப்பவன் ஜோதான். அப்புறம் இருவரும் சேர்ந்து சரிகிறார்கள்.

சத்தியம் பண்ணுகிறார்கள். மாமனாரின் செடித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு நிறுத்தியும் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு ராத்திரி, எந்தப் பூந்தொட்டிக்குள் பாட்டிலை ஒளித்தோம் என்று மறந்துபோய், கண்ணாடிக் கூடாரத்தையே ஜோ துவம்சம் பண்ணுகிறான். மன உறுதி என்ற நம் செல்லமான மருந்தை அந்த ஒரு காட்சி தூள் தூளாக்கிவிடுகிறது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் தாக்குப்பிடித்து, நாற்பத்தொன்பதாம் நாள் விழுந்தவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. தனியாக இருந்தார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கட்டிப்போடப்பட்டு நடுங்கிக் கிடக்கும் ஜோவைத் தேடி ஒருவர் வருகிறார். டாக்டர் இல்லை, பாதிரியார் இல்லை. குடித்துவிட்டு நிறுத்திய இன்னொருவர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. அமைப்பின் ஆள்.

இது கதாசிரியரின் கற்பனை அல்ல. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் லாபி. வந்த பிசினஸ் ஊத்திக்கொண்டது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் நிற்கிறார். ஒரு பக்கம் பார். இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்து வரிசையாக போன் போட்டு, தன்னைப் போல ஒரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடினார். கடைசியில் கிடைத்தவர் பாப் ஸ்மித், ஒரு சர்ஜன். கால் மணி நேரம் தருகிறேன் என்றவர் மணிக்கணக்கில் பேசினார். அந்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அதாவது, அந்த இயக்கமே 'எங்கே இருக்கிறார் இன்னொருவர்?' என்ற தேடலில் பிறந்ததுதான்.

கட்டணம் கிடையாது. வெளியார் நன்கொடையும் வாங்கமாட்டார்கள். குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். சும்மா பேசினால் சரியாகிவிடுமா என்கிறீர்களா? 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துச் சொச்சம் பேரின் அனுபவத்தை அலசிய 2020-ன் காக்ரேன் அறிக்கை, தொடர்ந்து குடிக்காமலிருக்க இந்த வழிமுறை மற்ற சிகிச்சைகளைவிட அதிகம் உதவுகிறது என்றே சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் ஒத்துவரும் என்றில்லை. 'கடவுள்' பேச்சு சிலருக்கு உறுத்தும்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. மாமனார் எங்கே போய் அழுவார், அந்தச் சின்னப் பெண் யாரிடம் சொல்லுவாள் என்று கதை யோசிக்கவே இல்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 'அல்-அனான்' என்ற தனி அமைப்பு 1951-லேயே வந்துவிட்டது. அந்தக் கதவை இயக்குநர் திறக்கவில்லை. நாமும் திறப்பதில்லை. குடிகாரர் மனைவிக்கு நாம் கொடுப்பது ஒரே அட்வைஸ்: 'பொறுத்துப் போம்மா.'

ஆனால் முடிவில் படம் பொய் சொல்லவில்லை. ஜோ தப்பிக்கிறான். 'இனி ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன்' என்று சொல்ல முடியாத கிர்ஸ்டன் இருட்டில் நடந்து போகிறாள். ஜன்னல் கண்ணாடியில் 'பார்' என்ற நியான் போர்டு மினுக்குகிறது. ஏ.ஏ.வுக்கு அப்படி மினுக்கும் போர்டு கிடையாது. பெயர் வெளியே தெரியக்கூடாது, விளம்பரம் கூடாது என்பது அவர்கள் கொள்கை. அதனால் தகவல் வாய்வழியாகத்தான் போயாக வேண்டும்.

தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம். சில கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை, குடிக்காதவர்களும் போய் உட்காரலாம்.

எனவே, சத்தியம் வாங்குவதை இந்த வாரத்தோடு விட்டுவிடுங்கள். 'ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா? வாசல் வரைக்கும் நான் வர்றேன்' என்று சொல்லிப் பாருங்கள்.