பெயரும் உறவும்: தமிழ்நாட்டில் ஒருபால் இணையரின் சட்ட ஏற்பு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தன் அரசிதழில் ஒரு கலைச்சொற் பட்டியலை வெளியிட்டது. மாறுபட்ட பால், பாலின, ஈர்ப்பு அடையாளங்களைக் கொண்டோரை இழிவின்றிச் சுட்டுவதற்குரிய தமிழ்ச் சொற்களை அது தொகுத்தளித்தது. ‘பால்புதுமையர்’ முதலிய சொற்கள் அதன்வழி அரசின் ஏற்பைப் பெற்றன. தமிழ் கற்பிப்போர் மகிழத்தக்க முயற்சி இது. ஆயினும் பெயரிடுவதோடு ஒரு மாநிலத்தின் கடமை நிறைவுறுமா என்னும் வினா எஞ்சுகிறது. தமிழ்நாடு தனிமனிதருக்குப் பெயர் வழங்கியுள்ளது. அவர்தம் உறவுக்குச் சட்டப் பெயர் வழங்க இன்னும் தயங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பட்டியல் தோன்றிய சூழல்

இப்பட்டியலுக்கு மூலம் ஒரு வழக்கு. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்த இரு இளம்பெண்கள், காவல்துறையின் தொல்லையிலிருந்து பாதுகாப்பு வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் குறித்துத் தமக்குப் போதிய தெளிவில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் கலந்தறிந்த பின்னரே 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். ஒருவரின் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயலும் செயல் அவ்வாணையால் தடை செய்யப்பட்டது. 2022இல் காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டதும் கலைச்சொற் பட்டியல் வெளிவந்ததும் இவ்வழக்கின் தொடர்ச்சியே.

சொல்லின் தன்மை

பொதுவழக்கில் உள்ள ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல்லை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ‘சேர்க்கை’ என்பது உடல்சார்ந்த செயலை மட்டுமே முன்னிறுத்துகிறது. அன்பு, பொறுப்பு, ஒரே இல்லத்தில் வாழும் வாழ்வு ஆகியவற்றுக்கு அச்சொல்லில் இடமில்லை. ‘ஈர்ப்பு’ என்பதை அடியாகக் கொண்ட புதிய சொற்கள் இக்குறையைப் பெரிதும் களைகின்றன.

நம் இலக்கண மரபும் இங்கு நோக்கத்தக்கது. பால் திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை எனக் கூறும் தொல்காப்பியம், அவர்களை உயர்திணைக்குள்ளேயே வைத்து அத்திணையின் பால் ஈறுகளைப் பெறுவர் என விதிக்கிறது. அவர்களை அஃறிணைக்குத் தள்ளவில்லை என்பது சிறப்பு. எனினும் இலக்கணம் வகுத்தது தனி ஒருவரைச் சுட்டும் முறையையே. இன்றைய அரசும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே நிற்கிறது.

2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. 2025 ஜூலை 31ஆம் நாள் திருநருக்கான மாநிலக் கொள்கையையும் அது வெளியிட்டது. இவை உண்மையான பயன் தருவன. ஆனால் நல வாரியத்தின் பார்வையில் ஒருவர் உதவி பெறும் பயனாளி. ஒருவருக்குத் துணைவர் என்னும் நிலையில் அவர் அங்கே இடம்பெறுவதில்லை. மருத்துவமனையில் ஒப்பம் இடுவது, இறந்தவரின் உடலைப் பெறுவது, உடைமைக்கு வாரிசாவது ஆகியன யாவும் உறவுமுறையின்வழி வருவன. அண்ணன் மகனுக்கும் அத்தை மகனுக்கும் தனித்தனி உறவுமுறை வகுத்த மொழியில், முப்பது ஆண்டு உடன்வாழ்ந்த ஒருபால் துணைவர் சட்டத்தின்முன் அயலாராகவே நிற்கிறார்.

மாநிலத்துக்கு ஒரு முன்னுதாரணம்

திருமணம் ஒன்றிய அரசின் பொருள், மாநிலம் என்ன செய்ய இயலும் என வினவுவோர் உளர். இந்திய அரசியலமைப்பில் திருமணம் பொதுப்பட்டியலில் உள்ளது. சுயமரியாதைத் திருமணத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. சடங்கும் புரோகிதரும் இன்றி நிகழ்ந்த அத்திருமணங்களை 1950களில் நீதிமன்றம் ஏற்கவில்லை. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது; குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 1968இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நிகழ்ந்த திருமணங்களும் செல்லும் ஆயின. இருவர் தமக்குத் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிப்பதே அங்குத் திருமணத்தை நிறைவுசெய்யும் வழிகளுள் ஒன்று.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. அச்சட்டம் மாற்றியது மணமுறையை; மணமக்களின் பாலை அன்று. கணவன், மனைவி என்னும் சொற்கள் அங்கும் நிற்கின்றன. 2019இல் மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன், ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்து அச்சொல்லை விரித்தார். அத்தீர்ப்பும் ஆண், பெண் என்னும் இணைக்குள் அமைந்ததே. ஆயினும் சமூகம் ஏற்குமுன் சட்டம் முந்திச்செல்ல ஒரு மாநிலத்தால் இயலும் என்பதை 1967 காட்டுகிறது.

குடும்ப இணைவு ஆவணம்

2023 அக்டோபர் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க மறுத்து, அது சட்டமன்றங்களின் பணி எனக் கூறியது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம், இருவர் தம் குடும்ப இணைவை ஆவணமாகப் பதிவுசெய்யும் முறையைப் பரிசீலிக்குமாறு மாநில அரசுக்குப் பரிந்துரைத்தது. திருமணத்தை விரும்பாதோர்க்கும் இது பொருந்தும் என்பது இதன் நன்மை. ஒப்பந்தம் கையொப்பமிட்ட இருவரையே கட்டுப்படுத்தும் என்பது இதன் குறை. மருத்துவமனையும் வங்கியும் அதனை மதித்தாக வேண்டும் எனச் சட்டம் கூறாதவரை, அது பெட்டியில் உறங்கும் தாளாகவே இருக்கும்.

2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதியரசர் அமர்வு, பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்றது. ‘குயர்’ என்னும் ஆங்கிலச் சொல் விநோதம் என்னும் பொருளைச் சுமப்பதால் அதனை ஆளத் தயக்கம் உண்டு எனவும் அது குறிப்பிட்டது. தமிழின் ‘புதுமை’ அவ்வசைப்பொருளைச் சுமக்கவில்லை. நம் மொழி ஒருபடி முன்னே சென்றுள்ளது. சட்டம் அதனைத் தொடரவில்லை.

முடிவுரை

குற்றமன்று எனக் கூறுவது வேறு, உறவென ஏற்பது வேறு என்பதை இவ்வட்டாரத்திலும் காண்கிறோம். சிங்கப்பூர் 2022இல் 377ஏ பிரிவை நீக்க முடிவுசெய்தபோதே, திருமணத்தின் வரையறையை நாடாளுமன்றமே முடிவுசெய்யும் வகையில் அரசியலமைப்பையும் திருத்தியது. மலேசியாவில் காலனித்துவக் காலத்தின் வழிவந்த தண்டனைப் பிரிவுகள் நீடிக்கின்றன.

தமிழாசிரியர் சட்டமியற்றுபவர் அல்லர். ஆனால் ‘இணையர்’, ‘துணைவர்’ போன்ற பால்சுட்டாத உறவுச்சொற்கள் கட்டுரை ஏட்டிலும் மொழிபெயர்ப்பு வகுப்பிலும் எவ்வாறு ஆளப்படுகின்றன என்பது நம் கையில் உள்ளது. ஒரு மாணவர் தம் குடும்பத்தைப் பற்றி எழுத அமரும்போது அதற்குரிய சொல் அவருக்குக் கிடைக்க வேண்டும். தமிழ்நாடு அரசு அடுத்து ஒரு பட்டியலை வெளியிடுமாயின், அது உறவுச்சொற்களின் பட்டியலாகவும், அவற்றுக்குச் சட்ட வலுவளிக்கும் பிரிவை உடையதாகவும் அமைதல் வேண்டும்.