முதல் பாடம் பிரேக்

'கிரான் டூரிஸ்மோ 7' விளையாட்டில் லைசென்ஸ் வாங்கப் போனால் முதலில் நிறுத்தச் சொல்கிறார்கள். நேரான ஒரு பாதை. வேகமெடுத்து, கோடு போட்ட கட்டத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கட்டத்தைத் தாண்டினாலும் தோல்வி, எட்டாமல் நின்றாலும் தோல்வி. எடுத்துக்கொண்ட நேரத்தைப் பொறுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம். முதல் நாள் பதினேழு முறை தோற்றேன். பதினேழு முறையும் என்னை யாரும் திட்டவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிஜக் கார் ஓட்டப் பழகிய நாட்களில் பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. நான் மிதிப்பதற்குள் அவர் மிதித்துவிடுவார். வண்டி நின்றது என்னாலா அவராலா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. 'பொம்பளைங்களுக்கு பிரேக்குன்னா பயம்' என்று மட்டும் வாரம் இரண்டு முறையாவது சொல்வார். லைசென்ஸ் வந்தது, ஓட்ட வரவில்லை. பல வருடம் கழித்து, தம்பியின் பிளேஸ்டேஷனில், வேகமும் தூரமும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதை என் விரல் கற்றுக்கொண்டது. ஆகவே இந்த ஆட்டத்தைக் குறை சொல்ல வந்திருக்கும் நான் அதற்குக் கொஞ்சம் கடன்பட்டவள்.

கஸுனோரி யமாவுச்சியின் தலைமையில் பாலிஃபோனி டிஜிட்டல் உருவாக்கிய இந்த வரிசையின் முதல் ஆட்டம் 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. ஏழாவது 2022 மார்ச் 4 அன்று வெளியானது. 'மெய்யான ஓட்டுதல் சிமுலேட்டர்' என்று ஆரம்பம் முதலே தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஆட்டம் இது. 400க்கு மேற்பட்ட கார்கள், ஒவ்வொன்றின் விளக்கு, தையல், திருகாணி வரை. அந்த 'மெய்' என்ற சொல்லைத்தான் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓட்டும் அனுபவத்தில் அது பெரும்பாலும் தேறிவிடுகிறது. பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்சக்கரங்களுக்கு வருகிறது, பின்பக்கம் லேசாகிவிடுகிறது. அந்த நொடியில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பினால் வால் சுழன்று நாம் வந்த திசையைப் பார்த்து நிற்போம். பாடப்புத்தகத்தில் விசை, உந்தம், உராய்வு என்று மனப்பாடம் செய்தவையெல்லாம் இங்கே உள்ளங்கைக்கு வருகின்றன. பிளேஸ்டேஷன் 5இன் கைப்பிடியில் பிரேக்குக்கான விசை இறுகிக்கொடுக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்றால் விரலுக்கடியில் படபடவென்று அதிரும். மழை பெய்து ஓய்ந்த பிறகு எல்லா வண்டிகளும் போகும் தடம் மட்டும் முதலில் காயும். அந்த உலர்ந்த பட்டையைக் கண்ணால் தேடி ஓட்டுவது ஒரு தனி சுகம்.

தொடக்கமும் எனக்குப் பிடித்திருந்தது. ஃபெராரியைக் கையில் கொடுத்து மயக்குவதில்லை. பழைய கார் கடைக்கு அனுப்புகிறது. டொயோட்டா அக்வா, மஸ்தா டெமியோ, ஹோண்டா ஃபிட் என்று மூன்று சின்ன வண்டிகளில் ஒன்றை எடுக்க வேண்டும். ஃபிட் என்பது நம் தெருக்களில் ஜாஸ் என்ற பெயரில் ஓடியதுதான். நான் டெமியோவை எடுத்தேன்.

பிறகு ஒரு காபிக்கடை. லூக்கா என்பவர் முதலாளி. அவர் தரும் 'மெனு'வில் உள்ள கார்களைச் சேர்த்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றின் வரலாறும் சொல்லப்படும். சில சமயம் அந்தக் காரை வடிவமைத்த நிஜ மனிதரே வந்து இரண்டு வார்த்தை பேசுவார். பண்டத்துக்குப் பின்னால் உழைத்தவரைக் காட்டுவது நல்ல பண்பு. ஆனால் நான் கடந்துவந்த பக்கங்களில் அப்படிப் பேசிய முகங்கள் எல்லாம் ஆண்களுடையவை. ஆட்டத்தில் இரண்டாம் தலைமுறை ஹோண்டா என்எஸ்எக்ஸ் இருக்கிறது. அதன் வெளிவடிவத்துக்குத் தலைமை வகித்தவர் மிஷெல் கிறிஸ்டென்சன் என்ற பெண். எனக்கு அது வேறு வாசிப்பில்தான் தெரிய வந்தது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் ஓடிய ஆடி குவாட்ரோவும் இருக்கிறது, 1987ஆம் வருட வண்டி. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1985இல், அதே மலையை ஆடியில் ஏறி வென்றவர் பிரான்சின் மிஷெல் மூட்டோன். 1982இல் உலக ராலி சாம்பியன் பட்டத்தில் இரண்டாம் இடம் வந்தவர், அந்த ஒரே வருடத்தில் மூன்று ராலிகளை வென்றவர். பட்டம் கைநழுவிய ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் நேரத்தில் அப்பா இறந்த செய்தி வர, அதோடுதான் ஓட்டினார். ஒரு திருகாணியையும் விடாத ஆட்டத்தில் அந்த வண்டியை ஓட்டும்போது இந்தப் பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பெண் பெயர்கள் இல்லாமல் இல்லை. புதியவர்களுக்கு வழி சொல்லும் பெண்ணின் பெயர் சாரா. சோனி உருவாக்கிய, மனிதச் சாம்பியன்களையே தோற்கடித்த செயற்கை நுண்ணறிவின் பெயர் ஸோஃபி. அதைப் பற்றிய ஆய்வு 2022 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஆக, வழிகாட்டவும் ஒரு பெண், இயந்திரத்துக்கும் ஒரு பெண் பெயர். வங்கியில் தொலைபேசியை எடுத்தால் கேட்கும் பதிவுக் குரல் ஞாபகம் வருகிறது.

ஓட்டுபவரோ ஹெல்மெட்டுக்குள் இருக்கிறார். முகம் தெரியாது. இதில் எனக்கு இரண்டு மனம். என் தோழி ஒருத்தி இணையப் பந்தயங்களில் ஆண் பெயரோடுதான் ஓடுகிறாள். ஒருமுறை சொந்தப் பெயரில் போனபோது முதல் வளைவிலேயே இடித்துத் தள்ளினார்களாம். அவளுக்கு ஹெல்மெட் நிம்மதி. ஆனால் முகமில்லாதவர் எல்லோரும் ஆண் என்று எடுத்துக்கொள்ளும் உலகத்தில்தான் அந்த நிம்மதிக்குத் தேவை வருகிறது.

மெய்மை சட்டென்று விலகிக்கொள்ளும் இடம் விபத்து. 200 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் வண்டி துள்ளி ஓரமாகிறது, பெயருக்கு ஒரு நெளிவு, கீறல். மறுபடி ஓட்டலாம். கார் நிறுவனங்களின் உரிமத்தோடு செய்யப்படும் ஆட்டத்தில் அவர்கள் வண்டி அப்பளமாக நொறுங்குவதைக் காட்டுவது கடினம் என்பது புரிகிறது. ரத்தம் காட்டு என்று நான் கேட்கவுமில்லை. ஆனால் காரின் உலகத்தில் 'உடல்' என்றால் யாருடைய உடல் என்ற கேள்வி விபத்தில்தான் எழும். மோதல் சோதனைகளில் பல பத்தாண்டுகள் அளவுகோலாக இருந்தது சராசரி ஆணின் உடலளவில் செய்த பொம்மை. 2011இல் வெளிவந்த வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஒரேவிதமான விபத்தில், பெல்ட் போட்டிருந்த பெண் ஓட்டுநர் கடுமையாகக் காயப்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று கண்டது. இருக்கை, பெல்ட், ஸ்டீயரிங்கின் தூரம் எல்லாம் இதில் சேர்ந்தவை. டயரின் தேய்மானத்தைக் கணக்கிடத் தெரிந்த ஆட்டத்தில் ஓட்டுபவருக்கு எடையில்லை, உயரமில்லை, கழுத்தும் இல்லை.

இதையெல்லாம்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். என்னை உண்மையில் கோபப்படுத்தியது ஆட்டத்தின் காசு. பந்தயம் ஓடினால் 'கிரெடிட்' கிடைக்கும், அதில்தான் கார் வாங்க வேண்டும். 2022இல் ஆட்டம் வெளியானபோது 1994ஆம் வருட மெக்லாரன் எஃப்1 ஒன்றுக்கு 1 கோடியே 85 லட்சம் கிரெடிட் கேட்டார்கள். நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம். சுமார் 20 டாலருக்கு 20 லட்சம் கிரெடிட், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியான அதே மாதம் ஒரு புதுப்பிப்பு பல பந்தயங்களின் பரிசைக் குறைத்தது. அதோடு வந்த கோளாறில் சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் படுத்துவிட்டது. தனியாக ஓட்டுவதற்கும் இணையம் வேண்டும் என்று கட்டியிருப்பதால், தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தவர்களும் ஓட்ட முடியவில்லை. ஆத்திரப்பட்டார்கள், யமாவுச்சி மன்னிப்புக் கேட்டார், 10 லட்சம் கிரெடிட் இனாமாக வந்தது. ஏப்ரலில் அதிகப் பரிசுள்ள பந்தயங்களைச் சேர்த்தார்கள். அவற்றில் பல ஒரு மணி நேர ஓட்டங்கள்.

விமர்சகர்கள் பலர் இதைப் பேராசை என்று எழுதினார்கள், சரிதான். நான் கவனித்தது அந்த ஒரு மணி நேரத்தை. யாரிடம் இருக்கிறது உடையாத ஒரு மணி நேரம்? பந்தயத்தைப் பாதியில் சேமித்து அணைத்துவிட்டுப் பிறகு தொடர வழியில்லை. தினமும் 42 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு குலுக்கல் சீட்டு தருகிறார்கள், அதில் பெரும்பாலும் சில்லறைதான் விழும். என் நேரம் குக்கர் விசிலுக்கும் கொரியர்காரரின் அழைப்புக்கும் நடுவில் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு மதிப்பே இல்லாத பொருளாதாரம் இது. நேரமிருப்பவன் காலத்தால் வாங்குவான், பணமிருப்பவன் அட்டையால் வாங்குவான். வீட்டு வேலைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லாத நிஜ உலகத்தை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அச்சு அசலாகச் செய்திருக்கிறார்கள்.

பந்தயங்களும் சுமார்தான். கடைசி ஆளாக ஆரம்பிப்போம், முதல் வண்டி எங்கோ முன்னால் போய்க்கொண்டிருக்கும், சில சுற்றுகளுக்குள் துரத்திப் பிடிக்க வேண்டும். இது போட்டியைவிட வரிசையில் முந்துவதற்குத்தான் நெருக்கம். மற்ற வண்டிகள் நாம் இருப்பதையே கவனிக்காததுபோல் தங்கள் கோட்டில் வருகின்றன.

ஆனால் லைசென்ஸ் தேர்வுகளில் பெரும்பாலானவை இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. ஒரு வளைவு, ஒரு பிரேக், தவறினால் உடனே மறுபடி. முந்தைய என் ஓட்டம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் வண்டியாக முன்னால் போகும், அதைப் பிடிக்கலாம். பால் பொங்குவதற்குள் மூன்று முயற்சி ஆகும். தம்பி அந்தப் பக்கமே போவதில்லை. 'அது சும்மா டுடோரியல்க்கா' என்பான். அவன் கராஜில் கார்கள் 200ஐத் தாண்டிவிட்டன. நான் டெமியோவைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். இன்டர்நேஷனல் பி பிரிவில் எட்டாவது தேர்வு, வெள்ளியில் நிற்கிறது. பிரேக்கைக் கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிடுகிறேன் என்று நினைக்கிறேன்.