பசியின் குறிகளும் பங்குச் சந்தையும்

மலையகப் பிள்ளைகள் உயரம் குறைந்திருப்பதைப் பேசும்போது, "அந்தச் சனங்களின் வாகே அப்படித்தான்" என்று முடித்துவிடுவோர் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். இதை இனத்தின் தலையில் கட்டுவது பொய் என்று சொல்ல எபிஜெனெடிக்ஸ் நல்ல துணை. ஆனால் அந்த ஆராய்ச்சி பொதுப் பேச்சுக்கு வந்துசேரும் வடிவம் எனக்குக் கவலை தருகிறது.

எபிஜெனெடிக்ஸ் சொல்வது இதுதான்: மரபணுவின் எழுத்து மாறாமலே, எது வேலை செய்யவேண்டும், எது அடங்கியிருக்கவேண்டும் என்பதை மீதைல் போன்ற வேதிக் குறிகள் நெறிப்படுத்துகின்றன. தாயின் உணவு அக்குறிகளைத் தொடக்கூடும். நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவான 60 பேரை, பஞ்சம் தீண்டாத அவர்களின் உடன்பிறப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வெளிவந்தது. அறுபது ஆண்டு கழித்தும் ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் மீதைல் குறி குறைந்தே இருந்தது. 1973–74இல் எங்கள் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்ததை அறிந்தவர்களுக்கு இச்செய்தி நெஞ்சில் தைக்கும்.

தைப்பதால்தான் நிதானம் வேண்டும். நெதர்லாந்து ஆய்வில் தெரிந்த வித்தியாசம் ஏறத்தாழ 5 வீதம். அதைவிட முக்கியமாக, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தில் சிக்கி, எடை குறைந்து பிறந்தவர்களிடம் அம்மாற்றம் தெரியவில்லை. தலைப்புச் செய்திகளில் இது விடுபட்டுப்போகும். "பசி பரம்பரையாகிறது" என்பது மட்டும் நிற்கும். யூத இனப்படுகொலையில் தப்பியவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பற்றிய 2015 ஆய்வும் அப்படித்தான் பரவியது. அதில் இருந்தவர்கள் 32 பெற்றோர், 22 பிள்ளைகள் மட்டுமே.

விற்க மருந்து ஏதும் கைக்கு வராத சிறு பயோடெக் கம்பெனிகளுக்கு இத்தகைய பரபரப்பு முதலீட்டை இழுத்துத் தரும். அந்த முதலீடு வீண் என்று சொல்லமாட்டேன். எபிசைம் கம்பெனியின் எபிஜெனெடிக் மருந்தான டாசெமெட்டோஸ்டாட், அரிதான ஒரு புற்றுநோய்க்கு 2020 ஜனவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆயினும் எபிசைம் 2013இல் 15 டொலருக்கு வெளியிட்ட பங்கை 2022இல் இப்சென் என்ற மருந்துக் கம்பெனி 1.45 டொலர் கொடுத்து வாங்கியது. மருந்து வென்றும் முதலீட்டாளர் தோற்றார். இத்தனை ஆபத்தை ஏற்கும் பணம் புற்றுநோயையும் முதுமையையும் தேடிப் போகும். மலையகத்து ஹட்டனின் கர்ப்பிணியைத் தேடி வராது. அவளுக்கு வேண்டிய முட்டைக்கும் பருப்புக்கும் காப்புரிமை கிடையாது.

இந்தப் பேச்சில் என்னை மிகவும் உறுத்துவது, குற்றம் மெல்லத் தாயின் வயிற்றுக்கு இடம்மாறுவது. கர்ப்பிணி என்ன சாப்பிட்டாள் என்று கேட்பவர்கள், பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம் மட்டும் தரும் 'அரைப்பேர்' போடும் தோட்டத்தைக் கேட்பதில்லை. பழைய பசி உடம்பில் எழுதப்பட்ட விதி என்றால் நிர்வாகமும் அரசும் கைகழுவிவிடலாம். ஆனால் 2006–07இல் தோட்டப்புறத்தில் 40 வீதமாக இருந்த வளர்ச்சிக் குறைவுதான் பத்தே ஆண்டில் 32 ஆனது. அதே குடும்பங்கள், அதே பரம்பரை.

1974இல் கருவிலிருந்தவர்கள் இன்று ஐம்பது கடந்தவர்கள். பிறப்புப் பதிவுகளைக் கொண்டு அவர்களையும் உடன்பிறந்தோரையும் ஒப்பிடும் ஆய்வு செய்யத்தக்கதே. முடிவு அவர்களிடம் அவர்கள் மொழியில் சொல்லப்படவேண்டும். அவர்களில் தேவைப்படுவோருக்கு நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான சிகிச்சை, இரத்த மாதிரி எடுக்கும் நாளிலேயே தொடங்கவேண்டும்.